ஒரே ஆலயம், இரண்டு அசனம்: விசுவாசிகள் ஒருவரையொருவர் நடத்துவது பற்றி வேதம் சொல்வது என்ன?

பனைவிளை · ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கத்தில் ஒரு கிராமச் சபை எங்களுடையது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் ஆட்களும் தெரிந்துவிடுவார்கள்.

இன்று எங்கள் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த நாளில் ஊருக்கு ஒரே அசனம், அதாவது பொது விருந்துதான். வீட்டுக்கு வீடு அரிசி வரும், தேங்காய் வரும், யாராவது நேர்ந்துவிட்ட கிடாய் வரும். முந்தின ராத்திரி ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம். காலை ஆராதனை முடிந்ததும் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) ஜெபம் பண்ணுவார், பெரியவர் சின்னவர் பார்க்காமல் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்த வருஷம் ஆலயத்துக்கு வடக்கே ஒரு பந்தல், தெற்கே ஒரு பந்தல். அடுப்பும் இரண்டு. ஐயர் இரண்டு இடத்துக்கும் போய் ஜெபம் பண்ணிவிட்டு, எதிலும் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் சபைக் கூட்டத்தில் சமுதாயக்கூடம் கட்டின கணக்கை வாசித்தார்கள். அப்போது பொருளாளராக இருந்தவர் எனக்கு அத்தான், என் அக்காவைக் கட்டினவர். வவுச்சர் இல்லாத செலவு கொஞ்சம் இருந்தது. நான் எழுந்து, "இந்தப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வெளியே போனார். அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த தேர்தலில் ஊர் இரண்டு அணியானது. எங்கள் அணி ஜெயித்தது. தேர்தல் செல்லாது என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள்.

விசுவாசி விசுவாசிமேல் வழக்குப் போடக்கூடாது என்று 1 கொரிந்தியர் 6-ல் தெளிவாக இருக்கிறதே. அப்படியானால் அவர்கள் செய்தது தப்புதானே? அவர்களோடு ஒரே வரிசையில் முழங்கால்படியிட்டுத் திருவிருந்து (ஆலயத்தில் கொடுக்கிற அப்பமும் ரசமும்) எடுக்க எனக்கு மனசு வரவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் இன்று மத்தியானம், "அப்பா, அத்தை பந்தலில் போய்ச் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.


புதுச்சபைத்தம்பி · ஞாயிறு இரவு 10.15

பிரதர், வசனம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. "உங்களில் ஒருவனுக்கு வேறொருவன்மேல் வழக்கு உண்டானால், வழக்கைத் தீர்த்துக்கொள்ளும்படி, அவன் பரிசுத்தவான்களிடத்தில் போகாமல், அநீதக்காரரிடத்தில் போகத் துணிகிறதென்ன?" இதைவிடத் தெளிவு என்ன வேண்டும்? அவர்கள் வழக்கை வாபஸ் வாங்க வேண்டும். நீங்கள் மன்னித்துவிடுங்கள், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.


கொரிந்துவாசகன் · திங்கள் காலை 6.30

தம்பி சொன்ன வசனம் சரி. ஆனால் அதே பத்தியை இன்னும் ஏழெட்டு வசனம் வாசித்தால் எல்லார் மேலும் அடி விழும்.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கி.மு. 146-ல் ரோமர் அந்த ஊரை அழித்தார்கள். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாகத் திரும்ப நிறுவினார். அங்கே குடியேறியவர்களில் ரொம்பப் பேர் விடுதலையான அடிமைகள். இரண்டு பக்கமும் துறைமுகம், கையில் புதுப் பணம், பழைய குடும்பப் பெருமை கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் கௌரவத்துக்குப் போட்டி எப்படி இருந்திருக்கும்! நியாயாசனம் சந்தைச் சதுக்கத்தின் நடுவிலேயே இருந்தது, அதன் அடித்தளத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். அப்போஸ்தலர் 18-ல் கல்லியோன் முன்னால், இந்தக் கடிதத்தை எழுதின பவுலைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்தக் கல்லியோன் கி.பி. 51-52 வாக்கில் அங்கே அதிபதியாக இருந்தது தெல்பியில் கிடைத்த கல்வெட்டிலிருந்து தெரிகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதினது அதற்குச் சில வருஷம் கழித்து, எபேசுவிலிருந்து.

ரோமச் சட்டத்தில் கோர்ட் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. விடுதலையான அடிமை தன் பழைய எஜமான்மேல் அதிகாரியின் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது. தாழ்ந்த நிலையில் இருக்கிறவன் பெரிய மனுஷன்மேல் மோசடி வழக்குப் போடவும் தடை இருந்தது. ஆகவே சொத்து, பணம் சம்பந்தமாகக் கோர்ட்டுக்குப் போகிறவன் பெரும்பாலும் வசதியுள்ளவன்தான். நாலு பேர் பார்க்க எதிராளியை நிறுத்தி அவன் மானத்தை வாங்குவதும் அந்த வழக்கின் ஒரு பகுதி. சபைக்குள்ளே இந்தப் பழக்கம் நுழைந்ததைப் பார்த்துத்தான் பவுலுக்குக் கோபம் வந்தது என்று நான் வாசிக்கிறேன். சகோதரனோடு உள்ள வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்று 5-ஆம் வசனத்தில் கேட்கிறார். அந்தக் கேள்வி வழக்குப் போட்டவனைப் பார்த்து மட்டும் இல்லை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த சபை முழுவதையும் பார்த்துத்தான்.

8-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே." வழக்குக்குக் காரணமான அநியாயத்தையும் அவர் விடவில்லை.

பனைவிளை அண்ணன், உங்கள் சபையில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான அந்த ஒரு விவேகியைத் தேடினீர்களா?


தாளம்பூ · திங்கள் காலை 11.05

இந்த அதிகாரத்தின் பேரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், அதனால் எழுதுகிறேன். எனக்கு மிக வேண்டிய ஒரு பெண். கட்டினவன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பின அன்று சபையின் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, இதே வசனத்தை வாசித்து, "விசுவாசி விசுவாசியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதும்மா, நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்" என்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அவள் கை உடைந்தது.

பவுல் பேசினது பண வழக்கு, சொத்து வழக்கு. அடிதடிக்கும் குழந்தைகளுக்கு நடக்கிற கொடுமைக்கும் அந்த வசனத்தைக் கொண்டுவரக் கூடாது. ரோமர் 13-ல் தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரத்தைத் தேவனே வைத்திருக்கிறார் என்று எழுதினதும் அதே பவுல்தான். தன் உயிருக்கு ஆபத்து வந்தபோது, "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரின் மேல்கோர்ட்டுக்குப் போனதும் அவர்தான். பொறுத்துக்கொள் என்கிற வார்த்தையைப் பலமுள்ளவனைப் பார்த்துத்தான் பவுல் சொன்னார். பலவீனமானவளைப் பார்த்துச் சொல்லும்போது அதன் அர்த்தமே தலைகீழாகப் போகிறது.

பனைவிளை அண்ணன் விஷயம் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த இழையை வேறொரு பெண்ணும் வாசிக்கலாம். அவளுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.


புதுச்சபைத்தம்பி · திங்கள் மதியம் 1.20

சிஸ்டர், மன்னிக்க வேண்டும். நான் எழுதும்போது இப்படி ஒரு நிலைமையை யோசிக்கவே இல்லை. எங்கள் சபையிலும் இப்படி ஆலோசனை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அப்போது சரி என்றுதான் நினைத்தேன்.


பனைவிளை · திங்கள் இரவு 8.50

வாசகன் அண்ணாச்சி, விவேகியைத் தேடவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் ஊரில் எந்த அணியிலும் இல்லாத ஆள் இப்போது மூன்று பேர்கூட இல்லை. "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன்" என்று இருக்கிறதே, அது எங்கள் ஊர்தான்.

ஆனால் ஒன்று. நான் கேட்டது நியாயமான கேள்வி. அது ஜனங்கள் கொடுத்த காணிக்கை. பெண்கள் தினமும் உலையில் போடுகிற அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துவைத்துக் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது. அதை நான் கேட்காமல் யார் கேட்பது?


பழையஉபதேசியார் · திங்கள் இரவு 9.30

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் கிராமச் சபைகளில் உபதேசியாராக, போதகருக்குத் துணை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து கேட்பதற்கு முன்னால் உங்கள் அத்தானை வீட்டில் போய்ப் பார்த்துக் கேட்டீர்களா?


பனைவிளை · திங்கள் இரவு 11.10

இல்லை ஐயா.


தணிக்கைமேசை · செவ்வாய் காலை 7.45

நான் தொழிலால் ஆடிட்டர். சில சபைகளின் கணக்கையும் பார்த்துக் கொடுக்கிறேன். உபதேசியார் ஐயா கேட்டதன் நோக்கம் புரிகிறது, ஆனாலும் இந்தக் கேள்வி ஓர் ஆபத்தான இடத்துக்குப் போகக்கூடும். "தனியாக வந்து கேட்டிருக்கலாமே" என்பது கணக்கை மறைக்கிறவர்கள் எல்லாரும் சொல்லுகிற முதல் வார்த்தை. பொதுப்பணத்துக்குப் பொதுக்கூட்டத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

பவுலே அப்படித்தான் செய்தார். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை அவர் தனி ஆளாக எடுத்துப் போகவில்லை. 2 கொரிந்தியர் 8-ஐப் பாருங்கள். சபைகள் தெரிந்தெடுத்த ஆளையே கூட அனுப்புகிறார், ஒருவரும் எங்கள்மேல் குறை சொல்லாதபடிக்கு என்று காரணமும் எழுதுகிறார். "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வார்த்தை. நான் தணிக்கைக்குப் போகிற சபைகளில் இந்த வசனத்தைச் சொல்லாமல் வந்ததில்லை. சபைக் கணக்கில் பில் கேட்பது சந்தேகம் ஆகாது, பொருளாளரைக் காப்பாற்றுகிற வேலை அது.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாரா? "முகமுகமாய்" எதிர்த்தேன் என்கிறார், அதுவும் எல்லாருக்கும் முன்பாக. பொதுவில் நடந்த தப்பைப் பொதுவில்தான் கேட்டார்.


பழையஉபதேசியார் · செவ்வாய் மாலை 5.00

தணிக்கை ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பில் கேட்பது வேறு, "இந்தப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்பது வேறு. முதல் கேள்வி கணக்கைப் பற்றினது. இரண்டாவதைக் கேட்ட ஊர், அந்த ஆளைத் திருடன் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதுவும் மச்சினனே எழுந்து கேட்டால் கேட்கவே வேண்டாம். கணக்கைச் சபை கேட்கட்டும். ஆனால் அவர் உங்கள் சகோதரன், மத்தேயு 18 உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த அதிகாரத்தைச் சபை ஒழுங்கு நடவடிக்கைக்குச் சட்டப்புத்தகம் மாதிரி எடுப்பார்கள். முதலில் தனியாக, பிறகு இரண்டு சாட்சி, அப்புறம் சபை, அப்புறம் நீக்கிவிடு. நானும் இளவயதில் அப்படித்தான் பிரசங்கித்தேன். 15-ஆம் வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நூறு ஆட்டில் ஒன்று சிதறிப்போகிறது, தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு மேய்ப்பன் மலைக்குப் போகிறான். அந்தக் கதை முடிந்த மூச்சிலேயே, "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று வருகிறது. போகச் சொன்னதே ஆட்டைத் தேடித்தான். செவிகொடுத்தால் என்ன கிடைக்கும்? வழக்கு ஜெயிக்கும் என்று சொல்லவில்லை, "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்" என்கிறார். கடைசிக் கட்டத்தில் அவனை அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் எண்ணு என்கிறாரே, அதை எழுதி வைத்த மத்தேயுவே ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன்தான். இயேசு அவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

இன்னொரு இடம் மத்தேயு 5. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று இருக்கிறது. உனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்று எழுதவில்லை. தப்பு யார்மேல் என்ற கேள்வியே அங்கே இல்லை, நினைவு வந்தவன் எழுந்து போக வேண்டும். இதை இயேசு சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல், கால்நடையாக மூன்று நாளாவது ஆகும். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயாக்காரன் மனசில் என்ன ஓடியிருக்கும்? காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு, மூன்று நாள் நடந்து ஊருக்குப் போய், சகோதரனோடே ஒப்புரவாகி, மறுபடி மூன்று நாள் நடந்து வரவேண்டும். அவ்வளவு அலைந்தாலும் பரவாயில்லை, முதலில் அதைச் செய் என்கிறார்.

தம்பி, உங்கள் அத்தான் வீடு எத்தனை கிலோமீட்டர்?


பனைவிளை · செவ்வாய் இரவு 9.15

நடுவில் மூன்று வீடு, ஐயா.


மெழுகுவர்த்தி · புதன் காலை 10.00

நான் கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு பந்தல் என்று வாசித்ததும் எனக்கு வடக்கன்குளம் ஞாபகம் வந்தது. உங்கள் மாவட்டம்தான், தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1872-ல் கட்டி முடித்த அந்தத் திருக்குடும்ப ஆலயம் ஒரு கால்சட்டை மாதிரி இருந்தது. இரண்டு நீண்ட கூடங்கள் தனித்தனியாக வந்து பீடத்தில் சேரும். ஒரு கூடத்தில் தங்களை உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள், மற்றதில் மற்றவர்கள், நடுவில் சுவர். குருவானவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஜனங்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரே அப்பம், ஒரே பூசை. 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்ததும் என்ன நடந்தது? தங்களுக்கான தனி இடம் பறிபோனது என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், உயர்நீதிமன்றம் வரைக்கும். தோற்றார்கள்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போனது விசுவாசிகளோடு சேர்ந்து முழங்கால் போடாமல் இருக்கும் உரிமைக்காக. பொன்மோதிரம் போட்டு வந்தவனை, "இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்றும் கந்தை உடுத்தினவனை, "அங்கே நில்லு" என்றும் சொல்லுகிறீர்களே என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். அதையும் அந்த ஆலயத்தில் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

உங்கள் ஊரில் நடப்பது சாதி விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பந்தி ஒருமுறை இரண்டாகிவிட்டால், காரணம் மறந்துபோன பிறகும் பந்தி இரண்டாகவே நிற்கும். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் அடுத்த வருஷம் கேள்வியே கேட்க மாட்டார்கள்.


பழையஉபதேசியார் · புதன் காலை 11.30

சீர்திருத்தச் சபைகளான எங்கள் பக்கமும் சுத்தம் இல்லை அம்மா. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும், உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எவ்வளவு பேர் சபையை விட்டு விலகினார்கள்! ஒன்றாக உட்காருவதும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதும்தான் அவர்களுக்குத் தடையாக இருந்தது. ரொம்பப் பெரிய உபதேசங்களை ஏற்றுக்கொண்ட ஜனங்கள் பந்தியில் வந்து நின்றுவிட்டார்கள்.


கொரிந்துவாசகன் · புதன் இரவு 7.30

பந்தி என்ற சொல் மூன்றாவது தடவை வந்துவிட்டது. நான் சொல்ல வந்ததும் அதுதான்.

"ஒருவரையொருவர்" என்று வருகிற கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள், கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். காலண்டரில் அச்சடித்தால் எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதின இடத்தில் போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது, பல இடங்களில் அது சாப்பாட்டுச் சண்டை.

ரோமர் 15-ல் "ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று வருவதற்கு முன்னால் ஓர் அதிகாரம் முழுக்க யார் இறைச்சி சாப்பிடலாம், யார் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறான் என்ற பேச்சுத்தான். கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னதை அப்போஸ்தலர் 18-ல் வாசிக்கிறோம். அவர்கள் சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, அவர்கள் இல்லாமலே வளர்ந்துவிட்ட சபையில் அவர்களே விருந்தாளி மாதிரி ஆகியிருப்பார்கள். அந்தச் சூழலில் அந்த வசனத்தை வாசித்தால் எவ்வளவு கனமாக இருக்கிறது!

கொரிந்துவில் இன்னும் மோசம். சபை கூடினது வசதியானவர் வீட்டில். அந்தக் காலத்து வீட்டில் சாய்ந்து சாப்பிடுகிற அறையில் ஒன்பது பேருக்குத்தான் இடம் இருக்கும், மற்றவர்கள் முற்றத்தில். வசதியுள்ளவர்கள் சீக்கிரமே வந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுவார்கள். வேலை முடித்து வருகிற அடிமைக்கும் கூலிக்காரனுக்கும் மிச்சம்கூட இருக்காது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" (குடித்திருக்கிறான்) என்று பவுல் எழுதினது இதைப் பார்த்துத்தான். அப்படிச் சாப்பிடுகிறது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார். "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" இந்தக் கேள்விக்கு அப்புறம்தான், கர்த்தராகிய இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரி அப்பத்தை எடுத்தார் என்ற பகுதி வருகிறது. நாம் திருவிருந்தில் பயபக்தியோடு கேட்கிற அந்த வார்த்தைகளைப் பவுல் எழுதினதே ஒரு பந்தித் தகராறைத் தீர்க்கத்தான்.

இவ்வளவு கடுமையாகப் பேசிவிட்டுக் கடைசியில் அவர் கொடுக்கிற தீர்வைப் பாருங்கள்: "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அவ்வளவுதான்! சோற்றை இறக்கி வைத்துவிட்டு, இன்னும் வராதவனுக்காகக் காத்திரு. நெல்லைச் சபைகளின் அசனத்தைப் பற்றி முதல் முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. கொரிந்து சபை தவறவிட்டதை ஒரு கிராமம் வருஷா வருஷம் செய்துகொண்டிருக்கிறதே என்று. அதனால்தான் உங்கள் முதல் பதிவு என்னை இவ்வளவு வருத்தியது.


புதுச்சபைத்தம்பி · வியாழன் காலை 8.10

எல்லாம் வாசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பாஸ்டர் நேற்று அப்போஸ்தலர் 6 எடுத்தார், அதையும் இங்கே சேர்க்கலாமா? தினசரிப் பங்கீட்டில் கிரேக்கு பேசுகிற விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள், "முறுமுறுப்பது பாவம்" என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் விளக்கினபோது நான் உங்கள் ஊரைத்தான் நினைத்தேன் பிரதர். ஜெயித்த அணி நீங்கள்.


பனைவிளை · வியாழன் இரவு 10.40

மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. தம்பி எழுதின கடைசி வரி குத்திவிட்டது. ஜெயித்த பிறகு அவர்கள் பக்கத்தில் ஒருவரைக்கூட நாங்கள் கமிட்டியில் சேர்க்கவில்லை. கேட்டால் போட்டியிட்டுத் தோற்றவர்கள்தானே என்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் திருவிருந்துக்கு முன்னால் கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுப்போம். 1947-ல் சபைகள் ஒன்றான பிறகு, 1950-ல் வந்த திருவிருந்து முறைமையில் இதைச் சேர்த்தார்கள் என்று உபதேசியார் பயிற்சி எடுத்த என் தாத்தா சொல்லுவார். சமாதானம் பீடத்திலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாகக் கை மாறி வரும். மூன்று வருஷமாக அது எங்கள் வரிசையோடு நின்றுவிடுகிறது. அடுத்த வரிசை அத்தான் வீட்டார். நான் திரும்புவதில்லை. அவருக்கு வேறு யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.


தாளம்பூ · வெள்ளி காலை 6.50

அண்ணன், "நான் கேட்டது சரிதான், ஆனாலும் மன்னிச்சிடுங்க அத்தான்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்துத் தப்பை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அவர் பக்கத்துத் தப்பை அவர் சொல்லட்டும், சொல்லாமலும் போகட்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12-ல் இருக்கிறது. மற்றவர் சம்மதிப்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

அக்காவுக்கும் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். நடுவில் கிடந்து வெந்தது அவர்கள்தான்.


தணிக்கைமேசை · வெள்ளி காலை 9.00

சமாதானம் ஆன சந்தோஷத்தில் கணக்கை விட்டுவிடாதீர்கள் பிரதர். விட்டால் ஊர் இரண்டு பேரையும் சந்தேகப்படும். பவுலும் பர்னபாவும் மாற்கு விஷயத்தில் கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்கள். பல வருஷம் கழித்துச் சிறையிலிருந்து, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா; ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று பவுல் எழுதினார். வேலையில் நம்பிக்கை திரும்பி வர நாள் ஆகும். அதற்கு வழி கணக்கைத் திறந்து வைப்பதுதான்.


பனைவிளை · ஞாயிறு மாலை 6.20

போனேன். நேற்று சாயங்காலம், மகளையும் கூட்டிக்கொண்டு.

அக்காதான் கதவைத் திறந்தாள். ஒன்றும் பேசாமல் மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அத்தான் வாசல் திண்ணையில் இருந்தார், எழுந்திருக்கவில்லை. நான், "அத்தான், அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து கேட்பதற்கு முன்னால் நான் இங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊர் முன்னால் உங்களைத் திருடன் மாதிரி நிறுத்திவிட்டேன். அது என் தப்பு" என்றேன். அதற்குமேல் எனக்கும் வார்த்தை வரவில்லை, தங்கை சொன்னபடி அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ரொம்ப நேரம் சும்மா இருந்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். மணல் லாரிக்காரன் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு, கொத்தனார் கூலி எழுதின நாற்பது பக்க நோட்டு, கம்பி வாங்கின கடையின் பில், மங்கிப்போய் எழுத்தே தெரியாத ரசீதுகள். மூன்று வருஷமாக வைத்திருக்கிறார். "நீ வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேன்" என்றார். எல்லாத் தொகைக்கும் சீட்டு இல்லை, அதையும் அவரே சொன்னார். சிலதை எழுதி வைக்காமல் விட்டது தன் தப்பு என்றார்.

வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்லவில்லை. தன் பக்கத்து ஆட்களிடம் பேச வேண்டும் என்றார். எங்கள் அணியிலும் இன்று காலை இரண்டு பேர் என்னிடம் பேசவில்லை. எங்களைக் கேட்காமல் எப்படிப் போனாய் என்று ஒருவர் ஆலய வாசலிலேயே கேட்டார். ஆராதனையில் சமாதானம் கொடுக்கும்போது திரும்பினேன். அத்தான் வரவில்லை. அக்கா மட்டும் வந்திருந்தாள், கை கொடுத்தேன்.

நேற்றுக் கிளம்பும்போது மகளைக் கூப்பிட அடுப்படிக்குப் போனேன். அத்தை சுட்டுக் கொடுத்த பணியாரத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

தணிக்கை ஐயா, அந்தச் சீட்டுகளை எப்படி அடுக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். மங்கிப்போன ரசீதுகளுக்கு என்ன செய்வது?


தணிக்கைமேசை · ஞாயிறு இரவு 7.05

தேதிவாரியாக ஒரு தாளில் ஒட்டுங்கள். மங்கினதை இன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். சீட்டு இல்லாத தொகையை மறைக்காமல் தனிப் பட்டியலாக எழுதி, என்ன செலவு என்று அவர் கையால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கொத்தனார் ஊரில் இருந்தால் அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். அதைச் சபைக் கூட்டத்தில் வைக்கும்போது நீங்களே எழுந்து வாசியுங்கள்.


பனைவிளை · ஞாயிறு இரவு 7.30

சரி ஐயா. கொத்தனார் பக்கத்து ஊர்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அத்தானும் நானும் அவரைப் பார்க்கப் போகிறோம்.